மூன்றாம் கிளைக்குப் போகாத திருத்தம்

1

ஜெர்மனியின் தெற்கிலுள்ள இந்தச் சிறிய ஊருக்கு நான் வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகள் நிறைந்த அன்று, கையில் கேக்குடன் அலுவலகம் போனேன். இங்கே விசேஷ நாள் யாருடையதோ, கேக்கையும் அவர்தான் கொண்டுவர வேண்டும். முதல் ஆண்டு அது தெரியாமல், என் பிறந்தநாளன்று யாராவது ஏதாவது கொண்டுவருவார்கள் என்று மாலை வரை காத்திருந்தேன். அவர்களோ நான் கொண்டுவருவேன் என்று காத்திருந்தார்கள். இப்போது தெளிந்துவிட்டேன். ரவையும் எலுமிச்சையும் போட்டு நானே சுட்ட கேக் அது.

அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வந்து கணினியைத் திறந்தால், புதிதாக வந்த புகார்களில் ஒன்றில் மேட்டுப்பாளையம் என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைவாக எழுதியிருந்தார்கள். ஆனாலும் கண் அங்கேதான் போய் நின்றது. எத்தனையோ ஊர்களிலிருந்து புகார் வரும். பஸ்ஸில் ஏறி இறங்கிய ஊரின் பெயர் வந்தது அதுதான் முதல் முறை.

எங்கள் நிறுவனம் குளிர்பதனக் கிடங்குகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்கிறது. காய்கறி வைக்கும் அறை எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும், கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சுவரில் மாட்டிய அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். நடந்ததை எல்லாம் பதிவும் செய்துவைக்கும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் நான் இருக்கிறேன்.

புகார் சுருக்கமாக இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் மேட்டுப்பாளையத்துக் கிடங்கு ஒன்றின் இரண்டாம் அறையில் குளிர் நின்றிருக்கிறது. மாலை ஆறு மணி வரை அப்படியே இருந்திருக்கிறது. மலையிலிருந்து கழுவி இறக்கிய கேரட் மூட்டைகள் வியர்த்துக் கெட்டுப்போயின. பெட்டியின் பதிவில் 'கையால் நிறுத்தப்பட்டது' என்று இருக்கிறது. அதன் கீழே கோவையிலுள்ள எங்கள் முகவர்கள் எழுதியிருந்தார்கள்: ஆபரேட்டரின் தவறு. வெள்ளிக்கிழமைக்குள் தலைமையகம் ஒப்புதல் தந்தால் வாடிக்கையாளருக்கு இறுதி அறிக்கை அனுப்பிவிடுவோம்.

அன்று திங்கள். ஒப்புதல் தருவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. அழுத்துவதற்கு முன் பதிவைத் திறந்து பார்த்தேன். 'கையால் நிறுத்தப்பட்டது' என்ற வரிக்கு மேலே, சில விநாடிகளுக்குள் மின்சாரம் இரண்டு முறை போய்ப் போய் வந்திருந்தது.

கையை எடுத்துவிட்டேன். அந்தப் பிழை எனக்குத் தெரிந்த பிழை. அதைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் நான்தான்.

2

மென்பொருள் எழுதாதவர்களுக்காக இந்தப் பகுதி.

ஒரு மென்பொருளை ஒரே ஒரு பிரதியாக வைத்துக்கொள்ள முடிவதில்லை. எங்களிடம் மூன்று தலைமுறைப் பெட்டிகள் இருக்கின்றன. பழைய பெட்டியில் புதிய மென்பொருள் ஓடாது. அதனால் ஒரு கட்டத்தில் நிரலை அப்படியே பிரித்து, 'இது பழைய பெட்டிக்கு' என்று தனியாக வைத்துவிடுகிறோம். அதைக் கிளை என்கிறோம். மூன்றாம் கிளை பழைய பெட்டிக்கு, நான்காம் கிளை அதற்கு அடுத்ததற்கு, இன்றைய பெட்டிக்கு மூலக் கிளை. பிரிந்த பிறகு அவை தனித்தனி. மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் அது மற்றக் கிளைகளுக்குத் தானாகப் போய்ச் சேராது. ஒருவர் அதைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொரு கிளையிலும் வைக்க வேண்டும். வைத்த பின் அங்கே அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கோ ஒரு தீவிலிருந்து ஒரு புகார் வந்தது. யாரும் தொடாமலேயே பெட்டி நின்றுவிடுகிறது, 'கையால் நிறுத்தப்பட்டது' என்று எழுதுகிறது என்றார்கள். எங்கள் சோதனை அறையில் எத்தனை முறை மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தும் பெட்டி சரியாகவே நடந்துகொண்டது. மூன்று வாரம் அப்படிப் போனது. நான் அப்போது அந்தக் குழுவுக்குப் புதியவள். ஒரு நாள் மதியம், பிளக்கைப் பிடுங்கி, செருகி, உடனே பிடுங்கி, மறுபடி செருகினேன். பெட்டி நின்றுவிட்டது. முழுதாக விழிக்கும் முன் மறுபடி மின்சாரம் போனால், யாரோ நிறுத்தும் பொத்தானை அழுத்தியதாக அது எடுத்துக்கொண்டது.

"எப்படித் தெரிந்தது?" என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஊரில் மின்சாரம் ஒரே முறையாகப் போகாது, போகும், வந்து எட்டிப் பார்க்கும், திரும்பப் போகும், அதற்குள் ஜெனரேட்டர் எழுந்துவிடும் என்று சொன்னேன். அவர்களுக்கு அதைக் கற்பனை செய்வதே கடினமாக இருந்தது. நான் இங்கு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் மின்சாரம் போனதே இல்லை. என் மேலாளர் உல்ரிக்கே, குழுக் கூட்டத்தில் என்னை எழுந்து நின்று அதை விளக்கச் சொன்னார். அன்று நான் அண்ணனுக்குப் போன் செய்து பெருமை பேசியது நினைவிருக்கிறது. "கரண்ட் போறத ஜெர்மன்காரனுக்குச் சொல்லிக்குடுத்தயா? நெம்ப முக்கியம்" என்றான்.

திருத்தத்தை மூலக் கிளையில் வைத்தேன். நான்காம் கிளையில் வைத்தேன். மூன்றாம் கிளையை அப்போது ஓய்வுபெறும் நிலையிலிருந்த ஒருவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நடைவழியில் நிறுத்தி, "உங்கள் கிளைக்கும் இது வேண்டும்" என்று சொன்னேன். தலையாட்டினார். நான் என் இருக்கைக்கு வந்து, அந்தப் பிழை எண்ணுக்கு எதிரே 'முடிந்தது' என்று குறித்துவிட்டேன். எங்கள் பதிவேட்டில் ஒரு பிழைக்கு ஒரே ஒரு கட்டம்தான். முடிந்தது, அல்லது முடியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை மூன்றாம் கிளையைத் திறந்து தேடினேன். என் திருத்தம் அங்கே இல்லை.

பழைய பெட்டி இப்போது பெரும்பாலும் இந்தியாவில்தான் ஓடுகிறது. மின்சாரம் போகாத ஊர்ப் பெட்டிகளில் எல்லாம் என் திருத்தம் பத்திரமாக இருக்கிறது. எந்த ஊரை நினைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேனோ அந்த ஊரில் இல்லை.

கேக்கை அன்று யாரோ வெட்டிவிட்டார்கள். நான் போகவில்லை.

3

கோவை முகவர் அலுவலகத்தின் சர்வீஸ் பொறியாளர் பெயர் சதீஷ். மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் தமிழில் பேசியதும் குரல் தளர்ந்தது.

"நம்மூருங்களா மேடம்? தெரிஞ்சிருந்தா மெயிலே தமிழ்ல போட்டிருப்பனே."

"ஆபரேட்டர் தப்புன்னு எப்படிங்க முடிவு பண்ணினீங்க?"

"பொட்டிதான் சொல்லுதுங்களே மேடம். கையால நிறுத்தினதுன்னு. அப்பறம் ஆறு மணிக்கு மெயினையே அணைச்சுப் போட்டிருக்காரு. அதுவும் பொட்டி லாக்ல பதிவாயிருக்குது. இதுக்கு மேல என்னங்க?"

"அவர் என்ன சொல்றாரு?"

"தொடவே இல்லைங்கறாரு. எல்லாரும் அப்பிடித்தானுங்களே சொல்லுவாங்க. மயில்சாமின்னு பேரு. அஞ்சாவது வரைக்கும் படிச்ச ஆளு. ஒரு நோட்டப் போட்டு எழுதி வெச்சிருக்காரு, அதக் காட்டறாரு. விட்ருங்க மேடம். ஓனர் ஏற்கெனவே அவர வராண்டாம்னு சொல்லிட்டாரு. ரிப்போர்ட் வந்தா அப்பிடியே முடிச்சுருவாங்க."

"அந்த நோட்டப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுங்களா?"

"அனுப்பறனுங்க. அதுல ஒரு விசயமுங்க மேடம்." குரல் தணிந்தது. "சர்வீசுக்குப் போன் பண்ணினேன், எடுக்கலன்னு ரெண்டு எடத்துல எழுதிருக்காரு. அது என்ற நம்பர்தானுங்க. ஞாயித்துக்கிழமைங்க, மச்சினன் கல்யாணத்துல மேளத்துக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்."

அரை மணி நேரத்தில் படம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. அறை எண், டிகிரி, ஒரு சுழிக் கையெழுத்து. அந்த ஞாயிற்றுக்கிழமையில் இப்படி இருந்தது:

'2.10 கரண்டு போச்சு. உடனே வந்துது. திருப்பியும் போச்சு. ஜெனரேட்டர் ஓடுது. பச்சை லைட் எரியுது. 3 மணி 4 டிகிரி. 4 மணி 7 டிகிரி. காத்தாடி ஓடுது கம்ப்ரசர் ஓடல. ஸ்டார்ட் அமுக்கினேன் கேக்கல. சர்வீசுக்கு போன் எடுக்கல. 5 மணி 9 டிகிரி. போன் எடுக்கல. 6 மணி மெயின் ஆப் பண்ணி ஒரு நிமிசம் உட்டு போட்டேன். ஓடுது.'

பெட்டியின் பதிவையும் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நேரங்கள் ஒன்றாக இருந்தன. நோட்டில் இருந்ததுதான் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிழையை விவரித்து நான் நான்கு பக்கம் எழுதினேன். மயில்சாமி அதை ஏழெட்டு வரியில் எழுதியிருந்தார். மெயினை ஒரு நிமிடம் அணைத்து வைத்தால்தான் பெட்டி மீளும் என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு நாள் ஆனது. அவர் நான்கு மணி நேரத்தில், யாரும் சொல்லாமல், தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். அதுவே அவர் மேல் இரண்டாவது குற்றமாகப் பதிவாகியிருந்தது.

4

சதீஷிடம் எண் வாங்கி மயில்சாமியைக் கூப்பிட்டேன். இங்கே புதன் காலை, அங்கே மதியம். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன்.

"ஜெர்மனியிலிருந்துங்களா? தமிழ் பேசறீங்?"

"அந்தியூர்ப் பக்கமுங்க எனக்கு."

"அட, அந்தியூருங்களா அம்மணி? குருநாதசாமி கோயில் குதிரச் சந்தைக்கு வருசா வருசம் வந்துட்டிருந்தேன். குதிர வாங்கறதுக்கில்லீங், சும்மா பாக்கத்தான்." சிரித்தார். பிறகு, பேசிக்கொண்டிருப்பது எதற்காக என்று நினைவுக்கு வந்ததுபோலக் குரல் மாறியது. "நான் அந்தப் பட்டனத் தொடலீங் அம்மணி. பத்து வருசமா அங்க இருக்கறேன். தொட்டா தொட்டேன்னு எழுதிருப்பேன். ஒரு தடவ மூணாம் ரூம் கதவத் தொறந்து வெச்சுட்டுப் போயிட்டேன். அதையும் நோட்டுல எழுதித்தான் வெச்சேன்."

"தெரியுமுங்க. நீங்க எழுதினதுதான் சரி. தப்பு பொட்டியிலதான்."

"இத எங்க ஓனர் கிட்டச் சொல்லுவீங்களா? பொட்டி சொன்னா நம்பறாங்க. நோட்டு சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. ஊருக்குள்ள, மயில்சாமி தூங்கிப்போட்டான்னு பேச்சு. பேச்சு கூடப் பரவால்லீங். கேரட் கெட்டுப்போன மலைக்காரரு ஒருத்தரு எனக்குப் பழக்கம். ரோட்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு."

பெட்டியில் இருப்பது என்ன பிழை, அது எப்படி அங்கே தங்கிவிட்டது என்று விளக்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தியாகிவிட்டது, ஆனால் உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்றேன். கவனமாகக் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, அங்க கரண்டு போகுமுங்களா?"

"போகாதுங்க."

"அப்பறம் எதுக்குங்க கரண்டு போறதுக்கு மருந்து கண்டுபுடிச்சு, கரண்டு போகாத எடத்துக்கெல்லாம் குடுத்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "பாத்துச் செய்யறனுங்க" என்று மட்டும் சொன்னேன். திருத்தாமல் விட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் அன்று சொல்லவில்லை.

5

சொல்லாமல் விட்டது அது முதல் முறை அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் நான்காவதோடு நின்று, கோவையில் லேத் பட்டறைக்குப் போய்விட்டான். எட்டாம் வகுப்பு படிக்கும்போதே வீட்டில் எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம் வரும். மனு, ரேஷன் அட்டை, பாஸ்புத்தகம் எல்லாம். அதில் எனக்கு நிறையப் பெருமை. இப்போதும் உண்டு, மறைப்பதற்கில்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் சொல்வதென்றால் வீட்டுக் கணக்கு கிடையாது, அடுப்புக் கணக்கு. ஒரே வாசல், ஒரே கூரை என்றாலும் உள்ளே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். ஒருவரிடம் சொல்லி மற்றவரிடம் சொல்லச் சொல்வது அழைப்பே ஆகாது. அம்மாவுக்கு இதற்கு ஒரு வழி இருந்தது. சொல்ல வேண்டிய அடுப்புகளை விரல்விட்டு எண்ணி, அத்தனை கொட்டைப்பாக்கை ஒரு சொம்பில் போட்டுவிடுவாள். ஒவ்வோர் அடுப்பிலும் ஒன்று கொடுப்பாள். சொம்பில் பாக்கு மிஞ்சினால் யாரோ விடுபட்டிருக்கிறார்கள்.

அண்ணன் கல்யாணத்தின்போது நான் ஒன்பதாவது. "சொம்பெல்லாம் எதுக்குங்கம்மா, நான் லிஸ்ட்டு எழுதறேன்" என்றேன். கோடு போட்டு, எண் போட்டு, பெயர் எழுதி, சொல்லியானதும் டிக் அடிக்கக் கட்டம் வைத்தேன். அம்மா அந்தத் தாளை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காட்டிவிட்டு வந்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பெரியப்பாவும் சித்தப்பாவும் இருந்த வீட்டுக்குப் 'பெரியூடு' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு கட்டம். அதற்கு மூன்று மாதம் முன்புதான் சித்தப்பா தனி அடுப்பு போட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். அந்த வீட்டுத் தின்பண்டத்தை இரண்டு அடுப்பிலும் வாங்கித் தின்றிருக்கிறேன். எழுதும்போது அது தோன்றவில்லை. பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வந்ததும் டிக் அடித்தேன்.

கல்யாணத்துக்குச் சித்தப்பா வரவில்லை. மண்டபத்தில் அவரைத் தேடியபோதுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது. மறுநாள் அம்மா மட்டும் அந்த வீட்டுக்குப் போனாள். "நாந்தானுங் மறந்துபோட்டேன், படிக்காதவ" என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம், "நீ ஒன்னும் வாயத் தொறக்காத" என்றாள். எல்லோரும் அதை நம்பினார்கள். படிக்காதவள் மறந்துவிட்டாள் என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. சித்தப்பா அதன் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை. பதினைந்து ஆண்டுகளாக.

ஐந்தாவது வரைக்கும் படித்த ஆள் என்று சதீஷ் சொன்னபோது எனக்கு அம்மா நின்ற இடம்தான் ஞாபகம் வந்தது.

6

வியாழக்கிழமை உல்ரிக்கேயின் அறைக்குப் போனேன். அதற்குள் திருத்தத்தை மூன்றாம் கிளையில் வைத்துவிட்டேன். அப்படியே எடுத்து வைக்க முடியவில்லை. பழைய நிரலில் அந்தப் பகுதி வேறு மாதிரி இருந்ததால் பாதியைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பழைய பெட்டி ஒன்றைக் கிடங்கிலிருந்து தேடி எடுத்து, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி, நாற்பது முறை சோதித்தேன். ஒரு முறையும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. நிரந்தரமாக இங்கே வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு ஏற்கெனவே நான்கு முறை போயாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறையும். காப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேனே என்றால், அது அவர்கள், இது நாங்கள் என்பார் அங்குள்ள அலுவலர் அம்மாள். அவர் கடைசியாகக் கேட்டிருந்தது, வேலை நிலையானது என்று மேலாளர் தரும் சான்று. உல்ரிக்கே இன்னும் அதில் கையெழுத்திடவில்லை.

'தவறு என்னுடையது' என்பதற்கு நான் படித்து வைத்திருந்த ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னேன். உல்ரிக்கே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அது நீதிமன்றத்தில் நின்று சொல்வது போன்ற வாக்கியமாம். நான் ராஜினாமா செய்யப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் காட்டினேன். உல்ரிக்கே நியாயமானவர். உடனே ஒப்புக்கொண்டார். "பழைய பதிப்பில் ஒரு திருத்தம் சேர்க்கப்படவில்லை என்று எழுது. போதும். அறிக்கையில் நாம் ஆட்களின் பெயரை எழுதுவதில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஆளைத் தேடினால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்."

அந்த வழக்கம் நல்ல வழக்கம். நானே அதனால் பயன் அடைந்திருக்கிறேன். ஆனாலும் சொன்னேன்: "நம் பெட்டி ஏற்கெனவே ஓர் ஆளைச் சொல்லிவிட்டது. கையால் என்று எழுதியிருக்கிறது. அந்த அறையில் இருந்த கை ஒன்றுதான். ஏதோ பதிப்பில் ஏதோ சேர்க்கப்படவில்லை என்று நாம் எழுதினால் அந்த ஊரில் யாருக்கும் புரியாது. பெரிய நிறுவனம் எதையோ பூசி மெழுகுகிறது என்பார்கள், அவரைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். ஒருவர் செய்யவில்லை என்று அவர்கள் நம்ப வேண்டுமானால், செய்தது யார் என்று இருக்க வேண்டும்."

"உன் பெயரையா போடச் சொல்கிறாய்?"

"அறிக்கையில் வேண்டாம். கூடவே தமிழில் ஒரு கடிதம். அதில் நான் கையெழுத்துப் போடுகிறேன்."

தமிழில் அது எத்தனை வரி வரும் என்று கேட்டார். ஆறு என்றேன். முதலில் ஜெர்மனில் எழுதிக்காட்டச் சொன்னார். படித்துவிட்டு, "நீ யாரிடம் சொன்னாய் என்று இதில் இல்லையே. அந்தக் கிளையை ஓய்வுபெற்றுப் போன அவர்தானே பார்த்தார்?" என்றார்.

"சொன்னேன். சேர்ந்ததா என்று பார்க்காமல் முடிந்தது என்று குறித்தது நான்."

அப்படியே அனுப்பு என்றார். இன்னொரு வேலையும் கொடுத்தார். பதிவேட்டை மாற்று, பிழைக்கு ஒரு கட்டம் என்பது போதாது என்றார். அன்று மாலைக்குள் மாற்றினேன். இப்போது ஒரு பிழைக்கு எதிரே கிளைக்கு ஒரு கட்டமாக மூன்று இருக்கும். ஒவ்வொன்றிலும் இந்தக் கிளையில் பிழை உண்டா, திருத்தம் சேர்ந்ததா, யார் சோதித்தார்கள் என்று எழுத வேண்டும். மூன்றும் நிறையாமல் 'முடிந்தது' என்று குறிக்க முடியாது. பழைய பிழைகளை அதில் ஏற்றியபோது இன்னும் ஏழு இடங்களில் கட்டம் காலியாக நின்றது. அவற்றில் இரண்டு நான் குறித்தவை.

என் சான்றிதழில் உல்ரிக்கே அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விடுப்பில் இருந்ததால்தான் தாமதம் என்றார்.

7

கடிதம் இதுதான்:

'இரண்டாம் அறையில் குளிர் நின்றதற்குக் காரணம் எங்கள் பெட்டியில் இருந்த பிழை. கையால் நிறுத்தப்பட்டது என்று பெட்டி பதிவு செய்தது பொய். திரு. மயில்சாமி தம் நோட்டில் எழுதியிருப்பது ஒவ்வொரு வரியும் சரி. பெட்டியை மீட்டதும் அவரே. இந்தப் பிழையின் திருத்தத்தை உங்கள் பெட்டிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு என்னுடையது. சேர்ந்ததா என்று பார்க்காமல் விட்டது நான். இப்படிக்கு, ப. தனலட்சுமி.'

வெள்ளிக்கிழமை காலை சதீஷ் அதை அச்செடுத்துக்கொண்டு, லேப்டாப்பில் புதிய மென்பொருளையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனார். "போன் எடுக்கலங்கறதையும் ஓனர் கிட்ட நானே சொல்லிப்போட்டனுங்க மேடம்" என்று செய்தி அனுப்பினார். "நீங்க பேரு போட்டிருக்கறப்ப நான் சும்மா நின்னா நல்லாருக்காதுங்களே."

மதியம் மயில்சாமி கூப்பிட்டார். கிடங்கிலிருந்து பேசினார். பின்னால் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டது.

"நாளையிலிருந்து வரச்சொல்லிட்டாங்க அம்மணி. நான் இன்னைக்கே உள்ள போயிட்டேன். ரெண்டாம் ரூம் ரெண்டு டிகிரி." பிறகு கடிதத்தைப் படித்துக் காட்டினார். எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஆறு வரியும். என் பெயர் வந்ததும் நின்றார். "இது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அன்னைக்குப் பேசினப்பச் சொல்லலியே."

"அன்னைக்குச் சொல்ல வரலீங்."

"செரி உடுங்க. எழுத்துல சொல்லிட்டீங்க." பிறகு, "இதுல ஒரு நகலு எனக்கு வேணுமுங்க. அந்த மலைக்காரருக்குப் படிச்சுக் காட்டோணும்" என்றார்.

8

அம்மா இப்போது கோவையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமை காலை வழக்கமாகப் பேசுவோம். போனைப் பிடித்துக்கொள்வது அண்ணன் மகள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளியில் படிக்கிறாள். ஜெர்மனியில் பிறந்த என் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளை என்னோடு பேசும் தமிழ் கூட இவளுக்குக் கோவையில் வருவதில்லை. என்னிடம் ஆங்கிலத்தில் "ஹாய்" சொல்லிவிட்டுப் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். கிளை, பதிவேடு எல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே ஊட்டுல மூணு அடுப்புங்கம்மா, ஒரு அடுப்புல சொல்லாம உட்டுட்டேன் என்றதும் புரிந்துகொண்டாள்.

"பேரு போட்டா எழுதிக் குடுத்தே?"

"ஆமாங்கம்மா."

"வேலைக்கு ஒன்னும் ஆகலியே?"

"இல்லீங்."

"அந்த ஆளு வேலைக்குப் போயிட்டானா?"

"போயிட்டாருங்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தவில்லை. "அப்பச் சித்தப்பனுக்கும் நீயே ஒரு போனப் போட்டுரு கண்ணு. நான் அன்னைக்குச் சொல்லிட்டு வந்தது அங்க இன்னும் அப்படியேதான் கெடக்குது."

அண்ணன் போனில் இருந்த சித்தப்பாவின் எண்ணை அவன் மகளிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். அழைப்பு நீண்ட நேரம் போனது.

"ஆருங்?"

"தனமுங்க சித்தப்பா. ஜெர்மனியிலிருந்து பேசறேன்."

பின்னால் ஓடிய டிவி சத்தம் குறைந்தது. "சொல்லு."

"அண்ணன் கல்யாணத்துக்கு லிஸ்ட்டு எழுதினது நானுங்க. உங்க அடுப்பத் தனியா எழுதாம உட்டது நாந்தானுங்க. அம்மா மறக்கலீங்."

"அது அன்னைக்கே தெரியும்" என்றார் சித்தப்பா. "உங்கம்மா கொட்டப்பாக்க எண்ணிச் சொம்புல போட்டா ஒன்னு மிஞ்சாது, ஒன்னு குறையாது. அவளா மறப்பா? சின்னப்புள்ள எழுதினதுல உட்டுப்போச்சுன்னு சொல்லிருந்தா சிரிச்சுட்டு அன்னைக்கே வந்திருப்பேன். மறந்துட்டேன்னு என்ற வாசல்ல வந்து நின்னா பாரு. என்னைய அத்தன வெவரமில்லாதவன்னு நெனச்சுப்போட்டாளேன்னு இருந்துது."

"அவங்க எனக்காகச் சொன்னதுங்க" என்றேன்.

"அதும் தெரியும்." தொண்டையைச் செருமினார். "இப்ப எங்க இருக்கறா? கோயமுத்தூர்லயா?"

"அண்ணன் ஊட்லீங்."

"எப்படி வாரதுன்னு சொல்லு. எழுதறதுக்கெல்லாம் எனக்கு வராது, மெதுவாச் சொல்லு."

சொன்னேன். பஸ் எங்கே நிற்கும், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கேட்டு முடித்ததும் சித்தப்பா அதைத் திருப்பிச் சொன்னார். இறங்கும் நிறுத்தம், எதிரே பேக்கரி, இடது சந்து, மூன்றாவது வீடு, மாடி, பச்சைக் கதவு. ஒன்றும் விடுபடவில்லை.